எண்ணா, பெயரா? நம் தொகுதியை எப்படி அழைப்பது

2022 நவம்பர் 19, பதினைந்தாவது பொதுத் தேர்தல். காலை எட்டு மணிக்கே அம்மாவைப் பினாங்கின் ஜெலுத்தோங்கில் உள்ள வாக்களிப்பு மையத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். எண்பதைத் தொட்டவர். பேரன் கைப்பேசியில் பார்த்து எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு அவர் கையில் இருந்தது. வாசலில் நின்ற பையன் குனிந்து, "பாட்டி, எந்தத் தொகுதி?" என்று கேட்டான். "ஜெலுத்தோங்" என்றார் அம்மா, சீட்டைப் பார்க்காமலே. "சாலுரான்?" என்றான், எந்த வாக்களிப்பு அறை என்று. "ஒன்னு." அதற்கும் சீட்டு தேவைப்படவில்லை. மூத்தவர்களுக்கு முதல் சாலுரான்தான் என்பது அவருக்குப் பழக்கம். சீட்டின் தலையில் 050 என்று ஓர் எண்ணும் இருந்தது. அதை அவரிடம் யாரும் கேட்கவில்லை. இத்தனை தேர்தல்களில் வாக்களித்தவருக்கு அந்த எண் தெரியாது, தெரியாததால் அவருக்கு எந்தக் குறையும் வந்ததில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சிலர் சேர்ந்து தயாரிக்கும் ஒரு மனு. தீபகற்ப மலேசியாவின் தொகுதி எல்லைகள் கடைசியாக மாறியது 2018இல். மார்ச் 28 அன்று மக்களவை ஏற்றது, மறுநாள் அரசிதழில் வந்தது, ஆறே வாரத்தில், மே 9 அன்று, அந்தப் புதிய எல்லைகளின்படி வாக்களித்தோம். ஒரு மறுசீரமைப்பு முடிந்து அடுத்தது தொடங்கக் குறைந்தது எட்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 113ஆவது விதி. அந்த எட்டு ஆண்டு 2026 மார்ச்சோடு நிறைகிறது. மறுசீரமைப்பு அறிவிப்பு வெளிவந்தால் ஆட்சேபம் சொல்ல ஒரு மாதம்தான் கிடைக்கும். அந்த ஒரு மாதத்தில் உட்கார்ந்து யோசித்து எழுதி, கையெழுத்தும் வாங்கிவிடலாம் என்று நம்புவது ஏமாற்றத்தில்தான் முடியும். அதனால் முன்கூட்டியே பேசத் தொடங்கினோம்.

எல்லைக் கோடுகளில் எங்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பெயர்களைப் பற்றிய பேச்சுக்குத்தான் மூன்று சனிக்கிழமை மாலைகள் போயின. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பொறியாளராக இருக்கும் ஒரு தம்பி கேட்டார்: "பெயர் எதுக்குண்ணே? அமெரிக்காவுல நம்பர்தான், பக்கத்துல தாய்லாந்துலயும் நம்பர்தான். நமக்கும் நம்பர் மட்டும் போதும்னு எழுதிடுவோம். எந்த ஊருக்கும் மனவருத்தம் இருக்காது." நல்ல கேள்வி. அன்று அவருக்கு ஒழுங்கான பதில் என்னிடம் இல்லை. நான்கு தேர்தல்களில் பாக்காவாக, அதாவது வேட்பாளரின் முகவராக, வாக்குச்சாவடியிலும் வாக்கு எண்ணும் மேசையிலும் உட்கார்ந்தவன் நான். தொகுதியின் எண்ணையும் பெயரையும் ஒரே தாளில் பார்த்துப் பழகியவன். ஆனாலும் இரண்டில் எது நமக்கு வேண்டும் என்று அதுவரை யோசித்ததே இல்லை. பிறகு யோசித்தது இது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்வோம், ஏனென்றால் பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அரசியலமைப்பின் பதின்மூன்றாவது அட்டவணைதான் மறுசீரமைப்பின் முறையைச் சொல்கிறது. தேர்தல் ஆணையம் பிரதமரிடம் தரும் அறிக்கையில் இரண்டு விஷயங்கள் இருக்க வேண்டும்: எந்தெந்தத் தொகுதிகளாகப் பிரிக்கப் பரிந்துரைக்கிறது என்பது ஒன்று, அந்தத் தொகுதிகள் எந்தப் பெயரால் அறியப்பட வேண்டும் என்பது மற்றொன்று. ஆக, பெயர் என்பது அலங்காரத்துக்கு ஒட்டிய சீட்டு இல்லை. எல்லையைப் போலவே அதுவும் பரிந்துரையின் ஒரு பகுதி. எல்லையைப் பற்றிக் கேள்வி கேட்கும் அதே நேரத்தில் பெயரைப் பற்றியும் கேட்கலாம் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஆட்சேபிக்கும் வாக்காளர் குழுவில் அந்தத் தொகுதியின் நடப்பு வாக்காளர் பட்டியலில் உள்ள நூறு பேராவது இருந்தால், ஆணையம் உள்ளூர் விசாரணை நடத்தியாக வேண்டும். மாநில அரசும் உள்ளாட்சி மன்றங்களும் ஆட்சேபித்தாலும் அப்படித்தான். கடைசியில் மக்களவை உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாதோர், அதாவது 222 பேரில் 111 பேர், ஏற்க வேண்டும்.

எண் மட்டும்

தம்பியின் வாதத்தை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணுக்கு எழுத்துப் பிழை கிடையாது. ஒரே ஊரின் பெயரைத் தமிழில் நாம் மூன்று நான்கு விதமாக எழுதுகிறோம்: ஜெலுத்தோங், ஜெலுதோங், ஜெலுத்தொங். 050 என்று எழுதினால் எந்த மொழிக்காரரும் ஒன்றுபோலவே படிப்பார். வாக்கு எண்ணும் இரவில், களைப்பில் கண் எரியும் நேரத்தில், வாக்கு எண்ணிக்கைப் படிவமான போராங் 14இல் கையெழுத்திடும் முகவருக்கு எண் எவ்வளவு பெரிய துணை என்பது அந்த மேசையில் உட்கார்ந்தவருக்குத் தெரியும். பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பவும் செய்யும். பினாங்கில் பாகான், பேராக்கில் பாகான் செராய், பாகான் டத்தோ என்று மூன்று நாடாளுமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. கோலாலம்பூரில் வங்சா மாஜு, செத்தியாவங்சா, தித்திவங்சா என மூன்று 'வங்சா'. எண்ணால் பார்த்தால் 116, 118, 119. குழப்பத்துக்கே இடமில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் கூடுதலாக உண்டு. கோலாலம்பூரில் செந்தூல் வட்டாரத்தை உள்ளடக்கிய தொகுதியின் பெயர் பத்து. "பத்து தொகுதியில் போட்டி" என்று தலைப்புப் போட்டால், பத்துத் தொகுதிகளில் போட்டி என்றுதான் முதலில் கண் படிக்கும். மலாயில் கல் என்று பொருள்படும் சொல் நமக்கு ஓர் எண்ணாகிவிடுகிறது. பத்துமலைக்கும் சுங்கை பத்து ஆற்றை ஒட்டித்தான் பெயர் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள் மற்ற ஒன்பது மலைகள் எங்கே என்று கேட்பதைக் கேட்காத மலேசியத் தமிழர் குறைவு.

எண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு, அதற்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். யாரையும் முந்தவிடாது, யாரையும் ஒதுக்காது. ஒரு தொகுதிக்குள் ஐந்து கம்பங்கள் (கிராமங்கள்) இருந்தால் ஒன்றின் பெயரை மட்டும் எடுத்து மற்ற நான்கையும் அதன் கீழே நிறுத்தும் வேலையை எண் செய்வதில்லை.

இவ்வளவும் உண்மை. ஆனால் எண்ணை நம்பி ஒரு மனுவில் கையெழுத்திடும் முன் ஒரு சின்னக் கூட்டல் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். நம் நாடாளுமன்றத் தொகுதி எண்கள் பெர்லிஸில் தொடங்குகின்றன. பெர்லிஸுக்கு 3, கெடாவுக்கு 15, கிளந்தானுக்கு 14, திரெங்கானுவுக்கு 8. மொத்தம் 40. அதனால்தான் பினாங்கின் முதல் தொகுதியான கெப்பாலா பத்தாஸ் 041, கடைசித் தொகுதியான பாலேக் பூலாவ் 053. தஞ்சோங் 049, ஜெலுத்தோங் 050. இப்போது கெடாவுக்கு ஒரே ஒரு தொகுதி கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் ஒரு வீடுகூட இடம் மாறாமல், ஒரு கோடுகூட நகராமல், தஞ்சோங் 050 ஆகிவிடும், ஜெலுத்தோங் 051. எங்கள் எண்ணைப் பக்கத்துத் தொகுதிக்காரர் எடுத்துக்கொண்டிருப்பார். இது வெறும் கற்பனை இல்லை. 1999 தேர்தலில் மக்களவைக்கு 193 இடங்கள், 2004இல் 219. இருபத்தாறு இடங்கள் பட்டியலுக்குள் நுழைந்தபோது பின்னால் இருந்தவை எல்லாம் தள்ளிப் போகாமல் எப்படி இருந்திருக்கும்? அம்மா 2004இலும் ஜெலுத்தோங்கில்தான் வாக்களித்தார். எண்ணில் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளத் தேவையும் எழவில்லை.

தாய்லாந்தில் மாநிலப் பெயரோடு எண் சேரும். ஹாட்யாய் போய் வருகிறவர்கள் சொங்க்லா மாநிலத்தின் சுவரொட்டிகளில் வேட்பாளர் படத்துக்குப் பக்கத்தில் அந்த எண்ணைப் பார்த்திருப்பார்கள். 2019இல் அங்கே 350 தொகுதிகள், 2023இல் 400. இடையில் எத்தனையோ எண்களின் எல்லை மாறிவிட்டது. அமெரிக்காவில் பத்து ஆண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு எல்லைகளை மறுபடி வரைகிறார்கள். பென்சில்வேனியா மாநிலத்தில் 2018இல் நீதிமன்றமே புதிய வரைபடம் போட்டது. அந்த ஆண்டு மார்ச்சில் 18ஆம் தொகுதியின் இடைத்தேர்தலில் வென்றவர், நவம்பரில் 17ஆம் தொகுதியில் நின்று வென்றார். தன் பிரதிநிதி யார் என்று தெரிந்துகொள்ள அங்கே ஒருவர் முதலில் எந்த ஆண்டின் எண் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

எண் மட்டும் வைத்தால் நம் அரசியல் நினைவில் பாதி காணாமல் போகும் என்பது என் பெரிய பயம். கர்ப்பால் சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1978 முதல் 1999 வரை ஜெலுத்தோங் நாடாளுமன்ற உறுப்பினர். 2004இல் புக்கிட் குளுகோர் தொகுதிக்குப் போனார், 2014 ஏப்ரலில் விபத்தில் இறக்கும்வரை அங்கேதான் உறுப்பினர். ஆனால் கடைசிவரை அவர் ஜெலுத்தோங் புலிதான். பத்தாண்டு வேறு தொகுதியில் இருந்தும் அந்த அடைமொழி ஊரை விட்டுப் போகவில்லை. எண்ணுக்கு அப்படி ஓர் அடைமொழியைத் தாங்கும் உடம்பு ஏது? இன்னொருவர் வி. டேவிட், தொழிற்சங்கத்திலிருந்து வந்த தமிழர். 1959இல் கோலாலம்பூரின் பங்சார் தொகுதியில் வென்றார், 1969இல் பினாங்கின் டத்தோ கெராமாட்டில் வென்றார். இரண்டு பெயர்களும் இன்று நாடாளுமன்றப் பட்டியலில் இல்லை. டத்தோ கெராமாட் ஒரு சட்டமன்றத் தொகுதியின் பெயராகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் பெயரைச் சொன்னதும் அவர் எந்தத் தெருக்களில் வாக்குக் கேட்டு நடந்திருப்பார் என்று ஊகிக்க முடிகிறது. வெறும் இரண்டு எண்கள் எழுதப்பட்டிருந்தால், அந்த ஆண்டின் வரைபடத்தைத் தேடி எடுத்த பிறகுதான் அது முடியும்.

எண் எங்களுக்குப் புதிதும் அல்ல. செபராங் பிறையின் தோட்டம் ஒன்றில் அப்பா பிறந்தது 'ரெண்டாம் டிவிஷன்' எனப்பட்ட பகுதியில். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கும் நிர்வாகம் எண் போட்டிருந்தது. ஆனால் அங்கே இருந்தவர்கள் கோயில் லயம், ஆத்தங்கரை லயம் என்றுதான் சொன்னார்கள். தோட்டம் விற்கப்பட்டு, ஆட்கள் நான்கு திசைக்கும் சிதறி, நிர்வாகத்தின் எண்கள் ஒரு பழைய பேரேட்டில் அடங்கிவிட்டன. அப்பாவின் சாவுக்கு வந்த கிழவர் ஒருவர் தன்னை "கோயில் லயத்து ஆளு" என்று சொல்லித்தான் அறிமுகப்படுத்திக்கொண்டார்.

திசைப் பெயரும் ஆள் பெயரும்

திசைப் பெயர்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 1959இல் இந்தத் தீவிலும் பினாங்கு வடக்கு, பினாங்கு தெற்கு என்று தொகுதிகள் இருந்தன. பிறகு அவை போய் ஊர்ப்பெயர்கள் வந்தன. பெட்டாலிங் ஜெயா வடக்கு என்றிருந்தது 2018இல் டாமன்சாரா ஆனது, பெட்டாலிங் ஜெயா தெற்கு வெறும் பெட்டாலிங் ஜெயா ஆனது. திசை என்பது வரைபடத்தை மேலிருந்து பார்க்கிறவரின் சொல். வீட்டு வாசலில் நிற்பவருக்குத் தான் வடக்கிலிருக்கிறோம் என்ற உணர்வு வருவதில்லை. வட சென்னை, தென் சென்னை விதிவிலக்கு. அங்கே திசையே ஊரின் இயல்பாகிவிட்டது. ஆயர் ஈத்தாம்காரர் தன்னை 'மத்திய பினாங்குக்காரர்' என்று சொல்லும் காலம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆள் பெயர்தான் எங்கள் கூட்டத்தில் உணர்ச்சியைக் கிளப்பியது. ஓய்வுபெற்ற ஆசிரியை அக்கா ஒருவர், தமிழர் தலைவர் ஒருவரின் பெயரை ஒரு தொகுதிக்காவது கேட்க வேண்டும் என்றார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் இருக்கும்போது ஒரு துன் சம்பந்தன் தொகுதி ஏன் கூடாது? கேட்டவர் குரலில் இருந்த ஏக்கம் எனக்குப் புரியும். இந்த நாட்டைக் கட்டியவர்களில் நம்மவர்கள் இருந்ததற்கு வரைபடத்தில் சாட்சி குறைவு.

ஆஸ்திரேலியாவில் இது பெரிய வழக்கம். பிரதமர்கள், பூர்வகுடிப் போராளிகள், ஆய்வாளர்கள் என்று ஆட்களின் பெயரை வைக்கிறார்கள். மெல்பர்ன் நகரில் பேட்மன் என்றொரு தொகுதி இருந்தது, அந்நகரைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் பேட்மனின் பெயரில். பூர்வகுடி மக்களைக் கொன்றதில் அவருக்கிருந்த பங்கு வெளிச்சத்துக்கு வர, 2018 மறுசீரமைப்பில் அந்தப் பெயரை நீக்கி, பூர்வகுடி உரிமைக்காக உழைத்த வில்லியம் கூப்பரின் பெயரை வைத்தார்கள். நியாயமான மாற்றம். ஆனால் ஆள் பெயரை ஏற்றவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் அந்த ஆளை மறுபடி எடைபோடத் தயாராக இருக்க வேண்டும். இன மத அளவுகோல்களால் எல்லாவற்றையும் எடைபோடும் நம் நாட்டில், பெயர் வைக்கும் மேசையே சண்டைக்களமாகிவிடும் என்று அஞ்சுகிறேன். சாலை இருந்த இடத்தில் இருக்கும், தொகுதி நகரும். பத்தாண்டு கழித்து அந்தத் தலைவருக்கு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு புதிய வீடமைப்புப் பகுதியில் அவர் பெயர் நின்றால் அது அவருக்கு மரியாதையாகுமா? அக்காவிடம் இதைத்தான் சொன்னேன். சாலைக்கும் பள்ளிக்கும் நூலகத்துக்கும் கேட்போம், தொகுதிக்கு வேண்டாம். அவர் முழுமனதோடு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

ஆள் பெயர் நம் பட்டியலில் அறவே இல்லாமலும் இல்லை. கோலாலம்பூரில் பண்டார் துன் ரசாக். பினாங்கில் கொம்தார் என்ற சட்டமன்றத் தொகுதி அங்குள்ள உயரமான கோபுரத்தின் பெயரைக் கொண்டது. அந்தக் கோபுரத்தின் முழுப்பெயரோ கொம்ப்ளெக்ஸ் துன் அப்துல் ரசாக். நீரிணைக்கு அந்தப் பக்கம் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்திருக்கிறது. 1843 முதல் 1855 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த பட்டர்வொர்த்தின் பெயரால்தான் அந்த நகரத்தை அழைக்கிறோம், ஃபெரி ஏறும்போதும் ரயில் பிடிக்கும்போதும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறோம். ஆனால் நாடாளுமன்றத் தொகுதியின் பெயர் பாகான், படகுத்துறை என்று பொருள்படும் உள்ளூர்ச் சொல்.

ஊர்ப்பெயர்

ஜெலுத்தோங் ஒரு மரம். அதன் பாலை ஒரு காலத்தில் சூயிங்கம் செய்ய ஏற்றுமதி செய்தார்கள். குளுகோரும் மரம்தான். அதன் காயை அரிந்து காயவைத்த ஆசாம் பினாங்கில் மீன் குழம்பு வைக்கும் வீடுகளில் புளிக்குப் பதில் விழும். புக்கிட் பெண்டேராவைத் தமிழில் கொடிமலை என்கிறோம். தைப்பூசத்துக்குக் காவடிகள் ஏறும் தண்ணீர்மலைக் கோயில் இருக்கும் சாலையின் பெயர் ஜாலான் கெபுன் பூங்கா. அதே பெயரில் சட்டமன்றத் தொகுதியும் உண்டு. மலாயில் பூந்தோட்டம் என்ற பொருளுள்ள அந்தப் பெயரைத் தமிழ்க் காதால் கேட்டால் அதற்குள்ளும் ஒரு பூங்கா கேட்கிறது. இவற்றில் எதுவும் தமிழ்ப் பெயர் இல்லை. ஆனாலும் எல்லாமே எங்கள் வாயில் தேய்ந்து எங்களுடையவை ஆகிவிட்டன. ஒரு மரத்தின் பெயரைச் சொல்ல எந்த இனத்துக்கும் கூச்சம் இல்லை.

ஊர்ப்பெயர் ஊரே மாறிய பிறகும் ஊரைச் சுமக்கிறது. பத்து காவான் ஒரு காலத்தில் தோட்டங்களின் நிலம், நம்மவர் உழைத்த மண். இன்று அங்கே தொழிற்சாலைகள், 2014இல் திறந்த இரண்டாவது பாலம் வந்து இறங்கும் இடம், புதிய வீடுகள். தோட்டம் போய்விட்டது. ஆனால் தமிழ்ப்பள்ளியின் பெயரில் லாடாங் (தோட்டம்) பத்து காவான் இருக்கிறது, தொகுதியின் பெயரில் பத்து காவான் இருக்கிறது. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயரில் இன்னும் 'லாடாங்' ஒட்டிக்கொண்டிருப்பதை இளைஞர்கள் சிலர் பழமை என்று நினைக்கிறார்கள். எனக்கு அது தாத்தாக்கள் வாழ்ந்த இடத்துக்கான முகவரி.

ஊர்ப்பெயர் வைக்கும் வழக்கமும் இங்கே புதிதல்ல. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுன் நகராட்சித் தேர்தல் நடந்தபோது நகரத்தை மூன்று வட்டாரங்களாகப் பிரித்தார்கள்: தஞ்சோங், கெலாவாய், ஜெலுத்தோங். இரண்டு மாதம் கழித்து கோலாலம்பூரில் நான்கு: பங்சார், இம்பி, பெட்டாலிங், செந்தூல். ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டிருக்கலாம், போடவில்லை. உள்ளாட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டு அறுபது ஆண்டு ஆகிறது, அந்த வட்டாரங்கள் போய்விட்டன. இருந்தும் அந்த ஏழு பெயர்களையும் இன்றும் ஒரு டாக்சிக்காரரிடம் சொல்ல முடியும்.

சரி, பெயருக்குக் குறையே இல்லையா? உண்டு, அதைத்தான் மனுவில் அழுத்தமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். பெயரால் பொய் சொல்லவும் முடியும். சிங்கப்பூரின் மரீன் பரேட் குழுத்தொகுதி கடற்கரைப் பகுதியின் பெயரைக் கொண்டது. ஆனால் உள்நாட்டுப் பக்கம் இருக்கும் பிராடெல் ஹைட்ஸ் மக்கள் பல தேர்தல்களாக அந்தப் பெயரின் கீழேதான் இருந்தார்கள். 2025 தேர்தலில்தான் மரீன் பரேட்–பிராடெல் ஹைட்ஸ் என்று இருவரையும் சேர்த்துப் பெயர் மாறியது. கனடாவில் இதை வெகுதூரம் கொண்டுபோயிருக்கிறார்கள், ஒரு தொகுதியின் பெயரில் மூன்று நான்கு இடங்கள் கோடுபோட்டு வரிசையாக நிற்கும். யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அவ்வளவு நீளப் பெயரை மூச்சு வாங்காமல் சொல்ல முடியாது, அதனால் சனம் முதல் சொல்லோடு நிறுத்திவிடும்.

இதைவிட மோசமானது பெயர் குடிபெயர்வது. 2018இல் சிலாங்கூரில் கெலானா ஜெயா தொகுதிக்குச் சுபாங் என்று பெயர் வைத்தார்கள். அதுவரை சுபாங் என்றிருந்த தொகுதிக்குச் சுங்கை பூலோ என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக நியாயம் சொல்லலாம். ஆனால் ஆறு வாரத்தில் தேர்தல் வரும்போது, நேற்றுவரை சுபாங் வாக்காளராக இருந்தவர் இன்று சுங்கை பூலோ வாக்காளர், கெலானா ஜெயாக்காரர் சுபாங் வாக்காளர். பழைய தேர்தல் முடிவுகளைப் பார்க்கும் மாணவருக்கு 2013இன் சுபாங்கும் 2018இன் சுபாங்கும் ஒரே ஊர் போலத் தெரியும். எண்ணின் மீது நான் சொன்ன குற்றச்சாட்டு அத்தனையும் இந்தப் பெயருக்கும் பொருந்தும்.

அடுத்தது எனக்கு வலித்த ஒன்று. சிலாங்கூர் சட்டமன்றத்தில் 16ஆம் தொகுதியின் பெயர் 2018 வரை பத்துமலை. அதாவது பத்து கேவ்ஸ். அந்த மறுசீரமைப்பில் அது சுங்கை துவா ஆனது. எண் 16 அப்படியே இருக்கிறது, பெயர் போய்விட்டது. தைப்பூசத்தன்று உலகமே பார்க்கும் இடம், நாட்டின் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் ஒருமுறையாவது படியேறிய இடம், வாக்காளர் பட்டியலின் தலையில் இப்போது இல்லை. அன்று பெயருக்காக எத்தனை பேர் குரல் கொடுத்தோம் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். கோடுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

நாங்கள் எழுதப்போவது

தம்பி தன் எண்ணை முழுசாக விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்கவும் வேண்டாம் என்றேன். அவர் சொன்னதில் ஒரு பகுதி எங்கள் மனுவில் இருக்கும். சட்டமன்றத் தொகுதிகளுக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் ஒன்றிலிருந்துதான் எண் தொடங்குகிறது. பினாங்கில் பெனாகா 1, தெலோக் பாஹாங் 40. நாடாளுமன்றத் தொகுதிக்கும் அப்படியே செய்யலாம்: பினாங்குக்கு 1 முதல் 13 வரை, கோலாலம்பூருக்கு 1 முதல் 11 வரை. கெடாவில் ஒன்று கூடினால் கெடாவின் எண்கள் மட்டும் நகரும், ஜெலுத்தோங்குக்கு ஒன்றும் ஆகாது. வாக்களிப்பு வட்டாரம், சாலுரான் போன்ற சின்னப் பிரிவுகளுக்கு எண் முன்னால் நிற்கட்டும். ஒரு பள்ளிக்கூடத்துக்குள் அறையைக் கண்டுபிடிக்க எண்ணை மிஞ்சியது எதுவும் இல்லை. சென்னை மாநகராட்சி தன் 200 வட்டங்களையும் எண்ணால்தான் நடத்துகிறது.

தொகுதிக்குப் பெயரே முதலில். பெயர் ஊர்ப்பெயராக, அந்த ஊரின் பெரும்பகுதி எல்லைக்குள் இருப்பதாக இருக்க வேண்டும். ஊர் வெளியே போனால் பெயரும் அதோடு போகட்டும், ஆனால் பக்கத்துத் தொகுதிக்கு உடனே அதைத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. ஒரு தேர்தல் தவணையாவது இடைவெளி விடலாம். இரண்டு ஊர்கள் சமமாக இருந்தால் இரண்டு பெயர் போதும், மூன்றாவது வேண்டாம். தமிழ், சீனம், மலாய் மூன்றிலும் அதிகாரபூர்வ எழுத்துவடிவம் ஒன்றை ஆணையமே வெளியிட வேண்டும் என்றும் கேட்கப்போகிறோம். ஜெலுத்தோங்கா ஜெலுதோங்கா என்ற சிக்கல் அதோடு தீரும். 'பத்து' தொகுதிக்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று கோலாலம்பூர் நண்பர்கள் கேட்டார்கள். தமிழ்த் தலைப்புகளில் 'பத்து நாடாளுமன்றத் தொகுதி' என்று முழுசாக எழுதினாலும் குழப்பம் தீராது. செந்தூலையும் சேர்த்து 'பத்து–செந்தூல்' என்று கேட்கலாம் என்பது என் யோசனை. 1952இன் வட்டாரப் பெயர் ஒன்று அதனால் திரும்பவும் வரும். முடிவு அந்தத் தொகுதி வாக்காளர்கள் கையில்தான் இருக்க வேண்டும், பினாங்கிலிருந்து நான் சொல்லக் கூடாது.

பத்துமலை இருக்கும் கோம்பாக் பக்கத்தவர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். ஆணையத்தின் அறிவிப்பு அரசிதழில் வரும், அந்தத் தொகுதியில் புழங்கும் நாளிதழ் ஒன்றிலாவது வரும். பரிந்துரையின் நகலை எந்த இடத்தில் பார்க்கலாம் என்றும் அதில் இருக்கும். வந்த அன்றே போய்ப் பாருங்கள். நூறு பேரும் அதே தொகுதியின் பட்டியலில் இருக்க வேண்டும், பக்கத்துத் தொகுதி உறவினரின் கையெழுத்து எண்ணிக்கையில் சேராது. எங்களிடம் இதுவரை அறுபத்தெட்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முதல் பெயர் அம்மாவுடையது. முகவரிக்குப் பக்கத்தில் தொகுதி என்றிருந்த கட்டத்தில் அவரே ஜெலுத்தோங் என்று தமிழில் எழுதினார். எண்ணுக்கான கட்டத்தைத் தம்பி நிரப்பினார்.